எந்தத் தீவு, எந்தப் பள்ளி, எந்தப் பெயர்: கரீபியச் சமூகப் பத்திரிகைக்கு எழுத வருகிறவர்களுக்கு

டொராண்டோவின் ஸ்காபரோவில் நம் மளிகைக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கரீபியக் கடை இருக்கும். வாசலில் கம்பித் தாங்கி, அதில் இலவச வாரப் பத்திரிகை. முதல் பக்கத்தில் பட்டம் வாங்கிய ஒரு பேத்தி சிரிப்பாள். உள்ளே ஓய்வுபெற்ற செவிலியர், கோப்பை வென்ற டோமினோ குழு, தேவாலயத்தின் அறுபதாம் ஆண்டு விழா. நம்மில் பலர் அதைக் கடந்துபோயிருப்போம், எடுத்துப் படித்திருக்க மாட்டோம். அப்படி ஒரு பத்திரிகையில் பக்கம் கட்டுகிற வேலைக்குப் போன நான், ஆள் குறைந்த ஒரு வாரத்தில் எழுதவும் ஆரம்பித்தேன். அதிலேயே சில வருடங்கள் ஓடின.

இதழியல் படித்துவிட்டு இந்த மாதிரிப் பத்திரிகைகளில் பயிற்சிக்குச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் "எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது. டொராண்டோவை வைத்துச் சொல்கிறேன். லண்டன், நியூயார்க், மயாமி என்றால் தேதிகளும் தெருப் பெயர்களும் மாறும். வேலை பெரிதாக மாறாது.

முதலில் பழைய இதழ்கள்

முதல் வாரம் எதுவும் எழுதாதீர்கள். அலுவலகத்தில் தூசி படிந்த கட்டுகள் இருக்கும், அவற்றை எடுத்துப் புரட்டுங்கள். இந்தப் பத்திரிகைகள் ஏன் நல்ல செய்தியைத் தேடிப் போகின்றன என்பது அங்கேதான் புரியும்.

பிரிட்டனில் இதன் வேர் கிளாடியா ஜோன்ஸ். 1915இல் டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்து, சிறுமியாக நியூயார்க் போனவர். கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா அவரைச் சிறையில் போட்டு, 1955 டிசம்பரில் நாடு கடத்தியது. லண்டன் வந்தவர் 1958 மார்ச்சில் பிரிக்ஸ்டனில், ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியில், 'வெஸ்ட் இந்தியன் கெஸட்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்த ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் மீது வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. அதற்கு அந்தப் பத்திரிகை சொன்ன பதில்களில் ஒன்று கார்னிவல், தெருவில் ஆடிப்பாடும் கரீபியத் திருவிழா. 1959 ஜனவரி 30 அன்று, குளிர்காலத்தின் நடுவில், செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்துக்குள் அதை நடத்தினார்கள். பிபிசி ஒளிபரப்பியது. அந்த விழா மலரின் விற்பனையில் ஒரு பங்கு, நாட்டிங் ஹில் சம்பவங்களில் மாட்டிக்கொண்ட கறுப்பு, வெள்ளை இளைஞர்கள் இருதரப்பினரின் அபராதத்தையும் கட்ட உதவும் என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார்கள். இருதரப்பும் என்பதைக் கவனியுங்கள். நான் இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை. கிளாடியா 1964 டிசம்பரில் இறந்தார், பத்திரிகையும் அடுத்த ஆண்டே நின்றுபோனது.

கனடாவில் 1969இல் 'கான்ட்ராஸ்ட்' வந்தது, 1978இல் 'ஷேர்' வந்தது. 1982இல் நியூயார்க்கில் 'கேரிப் நியூஸ்', அதே ஆண்டு லண்டனில் 'தி வாய்ஸ்'. பெரிய நாளிதழ்களில் தங்கள் தெருவின் பெயர் வந்தால் அது துப்பாக்கிச் சூடாகத்தான் இருக்கும் என்று மனம் வெறுத்துப்போயிருந்த வாசகர்கள்தான் இவற்றைத் தேடி வாங்கினார்கள். அந்த வெறுப்பைத் தெரிந்துகொள்ளாமல் வேலைக்கு வந்தால், நாம் எழுதுவது வெறும் வாழ்த்து மடலாகிவிடும்.

"கரீபியர்" என்று ஒருவரும் இல்லை

கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன், ஆனால் முதல் மாதத்துக்கு இதை அப்படியே நம்புவது நல்லது. உங்களை யாராவது "சவுத் ஏஷியன்" என்று அறிமுகம் செய்தால் எப்படி இருக்கும்? அதேதான். எதிரில் இருப்பவர் ஜமைக்காவா, பார்படோஸா, கிரெனடாவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். பார்ப்பவரையெல்லாம் ஜமைக்காக்காரர் ஆக்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

"எந்தத் தீவு?" என்று கேட்கும்போதும் கவனம் வேண்டும். கயானா தீவு அல்ல, தென் அமெரிக்காவின் வடகரை. பெலீஸ் மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. இரண்டும் கரீபியக் குடும்பம்தான், ஆனால் தீவு என்று எழுதினால் மறுநாள் தொலைபேசி அடிக்கும். டொமினிகா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. முன்னதில் ஆங்கிலமும் கிரியோலும் (பிரெஞ்சு கலந்து உருவான பேச்சுமொழி), பின்னதில் ஸ்பானிஷ். டொபாகோவில் பிறந்தவரை டிரினிடாட்காரர் என்று எழுதாதீர்கள், நாடு ஒன்றாக இருந்தாலும். கனடாவில் ஹெய்ட்டி மக்கள் பெரும்பாலும் மொன்றியலில் இருக்கிறார்கள், அவர்களுடைய பத்திரிகை உலகம் பிரெஞ்சிலும் கிரியோலிலும் தனியாக ஓடுகிறது.

நாடு தெரிந்த பிறகு ஊர். ஜமைக்காவில் 14 பாரிஷ்கள், நம் மாவட்டம் மாதிரி. செயின்ட் எலிசபெத்தா, போர்ட்லண்டா என்று கேட்டால் முகம் மலரும். அதற்கும் அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆனது: "எந்தப் பள்ளி?" உயர்நிலைப் பள்ளிப் பற்று அங்கே ஆயுள் முழுக்க வரும். ஒவ்வொரு மார்ச்சிலும் கிங்ஸ்டனில் நடக்கும் பள்ளி மாணவர் தடகளப் போட்டியை 'சாம்ப்ஸ்' என்பார்கள். 1910இலிருந்து நடக்கிறது. எழுபது வயதுப் பெரியவர்கள் டொராண்டோவில் உட்கார்ந்து தங்கள் பள்ளி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். பழைய மாணவர் சங்கங்கள் பணம் திரட்டிப் பள்ளிக்குக் கணினியும் கழிப்பறையும் கட்டிக்கொடுக்கின்றன. நம் பத்திரிகைக்கு வரும் செய்தியில் நிறைய இந்தச் சங்கங்களின் வழியாகத்தான் வரும்.

எந்தக் காலத்தில் வந்தார் என்பதையும் கேளுங்கள். 1955இல் கனடா ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் ஜமைக்கா, பார்படோஸிலிருந்து திருமணமாகாத, 18 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்கள் ஓராண்டு வீட்டுவேலை செய்ய வேண்டும், அப்புறம் வேறு வேலைக்குப் போகலாம். முதல் ஆண்டில் நூறு பேர் வந்தார்கள். ஆசிரியைகளாக இருந்தவர்கள்கூட யாரோ ஒருவர் வீட்டுத் தரையைத் துடைத்தார்கள். கிரெனடாவிலிருந்து 1960இல் அப்படி வந்த ஜீன் அகஸ்டின் 1993இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கனடாவின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பிப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக ஏற்ற 1995ஆம் ஆண்டுத் தீர்மானம் அவர் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் வந்த மற்ற பெண்கள் பலரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. தேவாலயத்தின் மூன்றாவது வரிசையில் தொப்பி அணிந்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் "எந்த வருடம் வந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்

கடைக்குள் நுழைந்ததும் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும், உள்ளே இருக்கும் எல்லாருக்கும் சேர்த்து. சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் நீங்கள் வளர்ப்பு சரியில்லாத பிள்ளை. இரவு ஏழு மணிக்குக் கூட்டத்துக்குள் வருகிறவர் "குட் நைட்" என்று சொல்வார், கிளம்புகிறார் என்று நினைத்துக் கையசைக்காதீர்கள், அது வந்ததற்கான வணக்கம். நான் கையசைத்திருக்கிறேன்.

பெரியவர்களை வெறும் பெயர் சொல்லி அழைப்பது கூடாது. "மிஸ்" என்று சேர்த்து முதல் பெயர், அல்லது "ஆன்ட்டி". தேவாலயம் என்றால் "சிஸ்டர்", "பிரதர்". கல்யாணமாகி ஏழு பேரப்பிள்ளைகள் எடுத்தவரும் "மிஸ்" தான். நமக்கு இது கஷ்டமே இல்லை, அக்கா ஐயா என்று கூப்பிட்டே வளர்ந்த வாய். இங்கே வளர்ந்த பிள்ளைகள்தான் சில சமயம் தடுமாறுகிறார்கள்.

செய்தி எங்கே கிடைக்கும்

மின்னஞ்சலில் வருவது பாதி. மீதியை நடந்துதான் எடுக்க வேண்டும். முடிவெட்டும் கடை, பீப்பாய் அனுப்பும் கிடங்கு, கிரிக்கெட் மைதானம், கோடை வந்தால் ஸ்டீல் பேன் வாத்தியக்குழு பயிற்சி எடுக்கும் முற்றம், கார்னிவல் உடைகள் தைக்கும் 'மாஸ் கேம்ப்'. எக்ளின்டன் மேற்குச் சாலையில் 'லிட்டில் ஜமைக்கா' என்ற பகுதி இருக்கிறது. 2011இல் ஆரம்பித்த ரயில்பாதை வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்து, பல கடைகளை மூடவைத்தது. அங்கே இன்னும் திறந்திருக்கும் ஒவ்வொரு கடையும் ஒரு செய்திதான்.

கிடங்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஊருக்கு அனுப்பும் பீப்பாய் என்பது இடுப்புயர உருளை. அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக் காலணி, போர்வை என்று மாதக்கணக்கில் வாங்கிச் சேர்த்து அடுக்குவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் கிடங்கில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால், யார் பேத்தி எந்தக் கல்லூரியில் இடம் வாங்கினாள் என்பது முதல் யார் வீட்டுக் கூரை புயலில் போனது என்பதுவரை காதில் விழும்.

சாப்பாட்டுக் கடையில் பேட்டி எடுக்கலாம், பேட்டியும் வாங்கிச் சாப்பிடலாம் (இறைச்சி வைத்த மஞ்சள் நிற மடிப்புப் பணியாரத்துக்கு அங்கே அதுதான் பெயர், நாம் தமிழில் எழுதினால் குழப்பம்தான்). அந்தப் பணியாரத்துக்கே ஒரு நல்ல செய்தி உண்டு. 1985இல் மத்திய அரசின் ஆய்வாளர்கள் டொராண்டோ கடைகளுக்கு வந்து, "பீஃப் பேட்டி" என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். சட்டப்படி அந்தப் பெயர் ஹாம்பர்கருக்குள் வைக்கும் வெறும் இறைச்சி வட்டுக்குத்தான், மாவு மேலோடு போட்டதற்கு இல்லையாம். கடைக்காரர்கள் மறுத்தார்கள், செய்தித்தாள்கள் எழுதின, தூதரகம் வரை பேச்சு போனது. கடைசியில் "ஜமைக்கன் பேட்டி" என்று சமரசம் ஆகி, பிப்ரவரி 23ஆம் தேதியைப் 'பேட்டி தினம்' என்று கொண்டாடிவிட்டார்கள். இதில் சோகம் இல்லை, போதனை இல்லை, ஆனால் ஒரு சமூகம் தன் சாப்பாட்டின் பெயருக்காக நின்ற கதை முழுசாக இருக்கிறது. உங்களுக்கு நல்ல செய்தி என்றால் என்ன என்று சந்தேகம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

ஆசிரியர் மேசைக்கு வாரம் ஒன்றாவது இப்படி வரும்: "வறுமையில் பிறந்து, அயராத உழைப்பால் உயர்ந்து, இன்று சமூகத்தின் ஒளிவிளக்காகத் திகழும் நம் செவிலியர்..." படித்து முடித்தால் அவர் என்ன செய்தார் என்று தெரியாது. பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

என் ஆசிரியர் ஒரு ஜமைக்கா அம்மா. சிவப்பு மையால் ஒளிவிளக்கைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "எத்தனை வாட்?" என்று எழுதுவார். அதற்கப்புறம் நான் பாராட்டுச் சொல் எதையும் எழுதத் துணிந்ததில்லை.

அதே செவிலியரை வேறு மாதிரி எழுதலாம். இது கற்பனை உதாரணம்: 1974இல் செயின்ட் தாமஸ் பாரிஷிலிருந்து வந்தார். ஊரில் பெற்ற செவிலியர் பட்டத்தை இங்கே ஏற்கவில்லை, உதவியாளராகச் சேர்ந்து மறுபடி தேர்வெழுத மூன்று வருடம் ஆனது. இரவுப் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், அதே தேர்வுக்குப் படிக்கும் புதியவர்களை மருத்துவமனை உணவகத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு விழாவுக்கு வந்தவர்களில் பதினோரு பேர் அந்த மேசையில் படித்தவர்கள். இவ்வளவுதான். "தன்னலமற்ற" என்று எழுதத் தேவையே இல்லை, மேசை அதைச் சொல்லிவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் விடச் சொல்வேன். உயர்வைக் காட்ட வேண்டும் என்று ஊரை இருட்டாக்குவது. "மின்சாரம்கூட இல்லாத குக்கிராமத்திலிருந்து" என்று தொடங்கினால், அந்தக் கிராமத்துப் பள்ளியில் படித்த இருநூறு பேர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். அவர்களுக்கு அது தப்பித்து வந்த இடம் இல்லை, விடுமுறைக்கு டிக்கெட் போடும் இடம்.

நல்ல செய்தியால் வாசகருக்கு உபயோகமும் இருக்க வேண்டும். ஒரு மாணவி உதவித்தொகை வாங்கினாள் என்றால் எவ்வளவு தொகை, யார் கொடுக்கிறார்கள், யார் விண்ணப்பிக்கலாம், அடுத்த வருடம் கடைசித் தேதி எப்போது என்று கீழே நான்கு வரி போடுங்கள். அந்த நான்கு வரியைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவார்கள்.

கெட்ட செய்தி வந்தால்? மறைக்கக் கூடாது. 1948 ஜூன் 22 அன்று கரீபியத்திலிருந்து வந்தவர்களை டில்பரியில் இறக்கிய எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் பெயரைத் தாங்கிய ஒரு தலைமுறை பிரிட்டனில் இருக்கிறது. 1973க்கு முன் வந்து, அங்கேயே வளர்ந்து, வரி கட்டியவர்களிடம் "நீ இங்கே இருக்க உரிமை உண்டு என்பதற்குத் தாள் எங்கே?" என்று கேட்டு, வேலையைப் பறித்து, சிலரை நாட்டை விட்டே அனுப்பிய அநியாயம் 2018இல் அம்பலமானது. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த பழைய அட்டைகளை அரசே 2010இல் அழித்துவிட்டிருந்தது. நம் பத்திரிகை நல்லதைத்தான் எழுதும் என்று இதைப் போடாமல் விட்டால் அதைவிடத் துரோகம் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் வேறொன்றும் சேரும்: யார் எந்த ஆவணத்தைக் கொண்டு நிரூபித்தார், எந்த இலவசச் சட்ட உதவி மையம் எந்த நாளில் திறந்திருக்கும், 2019இல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது. பயத்தோடு படிக்கத் தொடங்கியவர் படித்து முடிக்கும்போது ஒரு தொலைபேசி எண்ணாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

புயலுக்கும் இதே முறை. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. அப்படிப்பட்ட வாரத்தில் ஊரெல்லாம் நிதி திரட்டுவார்கள். எழுதுங்கள், ஆனால் யார் வசூலிக்கிறார், எந்தப் பொருள் வேண்டும், எது வேண்டாம் (பழைய குளிர்கோட்டு வேண்டாம்), அங்கே யார் கையில் போய்ச் சேரும் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆளிடம் "போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டாவது செய்தியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பெயர்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

நான் சேர்ந்த புதிதில் கயானாப் பெரியவர் ஒருவரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் குறிப்பு வந்தது. குடும்பப் பெயர் மூன்சாமி. எனக்கு ஒரே சந்தோஷம். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் முனுசாமிகள் இருந்தார்கள், எழுத்தர் காதில் விழுந்தபடி பதிந்ததில் மூன்சாமி ஆகிவிட்டார்கள் என்று நான் படித்திருந்தேன். வீராசாமி, ராம்சாமி, சின்னப்பன் எல்லாம் அப்படி உருமாறி அங்கே உலவுகிறார்கள். அதனால் என்ன செய்தேன் என்றால், உதவி செய்வதாக நினைத்து, அவர் பெயரை முனுசாமி என்று திருத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் சங்கடம். "தம்பி, அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் நாலு தலைமுறை பள்ளிக்குப் போயிருக்கிறது. என் அப்பா அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு நிலம் வாங்கினார். நீங்கள் திருத்திய பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை." அடுத்த வாரம் திருத்தம் போட்டோம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

ஆகவே: பெயரை அவர்களையே எழுத்துக் கூட்டிச் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். பேச்சு வழக்கும் அப்படித்தான். ஜமைக்காவின் பாட்வாவில் ஒருவர் சொன்னதை "நல்ல" ஆங்கிலமாக மாற்றினால் அவர் சொன்னதில் பாதி போய்விடும். மாற்றாமல் போட்டால் சிலருக்குத் தன்னைக் கேலி செய்வதுபோலத் தோன்றும். அவரையே கேளுங்கள்: "இப்படியே போடட்டுமா?" கி.ரா. காலம் முதல் நம் எழுத்தாளர்கள் வட்டார வழக்கோடு நடத்திய சண்டையெல்லாம் நமக்குத் தெரியும்தானே, இதைப் புரிந்துகொள்ள வேறு பாடம் வேண்டாம்.

இறப்பு அறிவிப்புப் பக்கம்

முதல் பக்கத்தைவிட முதலில் திறக்கப்படும் பக்கம் இது. புதியவர்கள் இதை விளம்பரப் பிரிவின் வேலை என்று தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனால் எத்தனை வருடம் பேச்சுவார்த்தை நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள், அந்தக் கவனம் இங்கே வேண்டும். பிள்ளைகள் பிரூக்ளினில் இரண்டு பேர், பர்மிங்ஹாமில் ஒருவர், மான்டேகோ பேயில் ஒருவர் என்று நாடு நாடாகப் பட்டியல் நீளும். முதல் தாரத்துப் பிள்ளை, வெளிப்பிள்ளை, வளர்த்த பிள்ளை எல்லாம் அதில் வருவார்கள். யாரை எந்த வரிசையில் போடுவது என்பது குடும்பத்தின் முடிவு. நீங்கள் எதையும் சுருக்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. செல்லப் பெயர்தான் தெரியும். அதனால் "இன்னார் என்று அழைக்கப்பட்டவர்" என்ற வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் சொந்த ஊர்க்காரர் பக்கத்தைப் பார்த்தும் தெரியாமல் திருப்பிவிடுவார். அப்புறம், ஜமைக்காக்காரர்கள் வீட்டில் 'நைன் நைட்' உண்டு. ஒன்பதாம் இரவு பாட்டு, பொரித்த மீன், ரம், டோமினோ என்று விடிய விடிய நடக்கும் கூட்டம். அதன் முகவரியும் நேரமும் அடக்க ஆராதனையின் நேரமும் வேறு வேறு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் ஊரே தவறான வாசலில் நிற்கும்.

படம்

கைபேசியில் எடுத்த படம் திரையில் அழகாக இருக்கும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும், நடுத்தர நிறங்கள் எல்லாம் ஒரு படி இருட்டாகும். வெளிர் முகத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. கறுத்த முகங்களில் கண்ணும் சிரிப்புக் கோடும் காணாமல் போய் ஒரே மைத்திட்டாகிவிடும். முகத்துக்கு ஒளியை அளந்து எடுங்கள், அச்சுக்கு அனுப்புமுன் நடுநிறங்களைக் கொஞ்சம் தூக்குங்கள், நிழலில் மொத்த மை அளவை (நான்கு நிற மைகளின் சதவீதத்தையும் கூட்டினால் வருவது) 240 சதவீதத்துக்குள் வையுங்கள். அச்சகத்துக்காரரிடம் ஒரு மாதிரித் தாள் கேட்டால் கொடுப்பார். படத்தில் இருக்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பின்வரிசையை வெட்டாதீர்கள்.

நாட்காட்டி

மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். கிரெனடா சுதந்திர தினம் பிப்ரவரி 7. கயானா மே 26. டிரினிடாட்டில் இந்தியர் வந்திறங்கிய நாள் மே 30. ஆகஸ்ட் 1 அடிமை ஒழிப்பு நாள், கனடா நாடாளுமன்றம் 2021இல் இதை ஏற்றது. ஜமைக்கா ஆகஸ்ட் 6, டிரினிடாட் டொபாகோ ஆகஸ்ட் 31, இரண்டும் 1962. பார்படோஸ் நவம்பர் 30. டொராண்டோ கார்னிவல் 1967இலிருந்து ஆகஸ்ட் தொடக்கத்தில், லண்டனில் ஆகஸ்ட் கடைசியில், பிரூக்ளினில் செப்டம்பர் தொழிலாளர் தினத்தில். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பெரிய நாடுகளின் தினத்துக்கு எல்லாரும் நான்கு பக்கம் போடுவார்கள். செயின்ட் கிட்ஸுக்கு (செப்டம்பர் 19) ஒரு பக்கம் போடுங்கள், அந்தச் சங்கம் உங்களை விடாது.

காசு

பத்திரிகை இலவசம், எனவே விளம்பரம்தான் சம்பளம். பீப்பாய் அனுப்பும் நிறுவனம், குடிவரவு வழக்கறிஞர், வீடு விற்பனை முகவர், அடக்க நிலையம், பயண முகவர். அச்சு வசதிக்காகப் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் ஏறும், இறங்கும். ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் விலகினால் நான்கு பக்கமே போகலாம், நீங்கள் எழுதியதும் சேர்ந்து. பணம் வாங்கிப் போடும் கட்டுரைக்கு மேல் "விளம்பரம்" என்று போட வேண்டும், இதில் பேரம் இல்லை. தேர்தல் காலத்தில் முழுப்பக்கம் வாங்கும் அரசியல்வாதி பக்கத்துப் பக்கத்தில் தன் படமும் எதிர்பார்ப்பார். அந்தத் தொலைபேசியை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போங்கள்.

கட்டுகளை இறக்கும் நாள்

ஒரு முறையாவது விநியோக வண்டியில் ஏறுங்கள். போன வாரத்துக் கட்டில் மிச்சம் எத்தனை என்று கடை கடையாக எண்ணி எழுதுங்கள். ஒரு படிகூட மிஞ்சாத கடைக்கு அடுத்த வாரம் இருபது கூட்டிவையுங்கள். ஒவ்வோர் இதழிலும் கொஞ்சம் படிகளைச் சுருட்டாமல் தட்டையாக, வெயில் படாத அலமாரியில் அடுக்குங்கள். தேசிய நூலகத்துக்கும் அனுப்புங்கள், கனடாவில் அது சட்டப்படியே வெளியீட்டாளரின் கடமை.

பள்ளிப் பிள்ளை படம் வந்த வாரம் என்றால் அந்தப் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கட்டு கூடுதல். பாட்டிமார் வந்து ஐந்தைந்தாக எடுப்பார்கள், கடைக்காரர் முறைத்தால் நீங்கள் சமாதானம் சொல்லுங்கள். அதில் ஒன்று சுவருக்கு, ஒன்று பாதிரியாருக்கு. இரண்டைக் கசக்கி, பீப்பாயில் கண்ணாடி ஜாடிகளுக்கு நடுவே திணிப்பார்கள். மிச்சமான ஒன்றைப் படம் தெரிகிற மாதிரி மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடியை இறுக்குவார்கள், ஊரில் திறக்கிறவர் கண்ணில் முதலில் படும்படி.